மீதி வட்டியையும் சேர்த்தா கட்ட வேண்டும்?

கேள்வி இதுதான். தனிநபர் கடன் 5 லட்சம். ஆண்டுக்கு 15 சதவீதம் நிலையான வட்டி, 60 மாதத் தவணை. 24 தவணைகள் தவறாமல் கட்டியாகிவிட்டது. இப்போது கையில் மொத்தமாகக் கொஞ்சம் பணம் இருக்கிறது. செயலியைத் திறந்தால் நிலுவை அசல் 3,43,137 என்று காட்டுகிறது. கடனை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதிக் கேட்டால் 3,61,448 என்று பதில் வருகிறது. அதிகப்படியான 18,311 எங்கிருந்து வந்தது? வராத மூன்று வருடங்களுக்கான வட்டியில் ஒரு பங்கா? நண்பர் ஒருவர், "வட்டியையெல்லாம் முதலிலேயே எடுத்துக்கொண்டார்கள், இனி அடைத்து என்ன பயன்?" என்கிறார். இன்னொருவர், "எப்போது அடைத்தாலும் முழு வட்டியையும் கட்டித்தான் ஆக வேண்டும்" என்கிறார். இதில் யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் தவறு. ஆனால் இரண்டு தவறுகளும் காரணத்தோடு பிறந்தவை. இப்படிப்பட்ட முடிப்புக் கடிதங்களைத் தயாரிக்கும் மேசையில் சில வருடங்கள் உட்கார்ந்திருந்தவன் நான். வாடிக்கையாளர்கள் கோபத்தோடு கேட்ட கேள்விகளில் பாதி இந்த இரண்டு நம்பிக்கைகளிலிருந்துதான் வந்தன. எனவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 18,311-ஐப் பிரித்துவிடுவோம். கடைசித் தவணைத் தேதிக்கும் நீங்கள் கடனை முடிக்கும் நாளுக்கும் இடையில் 15 நாள் இருக்கிறது. நிலுவை 3,43,137-க்கு ஆண்டுக்கு 15 சதவீதம் என்றால் ஒரு நாள் வட்டி 141. பதினைந்து நாளுக்கு 2,115. அடுத்தது கடன் முடிப்புக் கட்டணம். நிலுவை அசலில் 4 சதவீதம், அதாவது 13,725. அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் வரி, 2,471. மூன்றையும் கூட்டினால் 18,311. இவற்றில் வட்டி என்று சொல்லக்கூடியது அந்த 2,115 மட்டுமே. அதுவும் நீங்கள் பணத்தை உண்மையாகவே வைத்திருந்த பதினைந்து நாளுக்கானது. வரப்போகும் மூன்று வருடங்களுக்கான வட்டி 85,081. அதில் இந்த 2,115-ஐத் தவிர ஒரு காசுகூட உங்களிடம் கேட்கப்படவில்லை.

வட்டி என்பது வாடகை மாதிரி. வீட்டில் இருந்த நாள் வரைக்கும் வாடகை. காலி செய்த பிறகு வாடகை ஓடாது. காலி செய்வதற்கு உரிமையாளர் தனியாக ஏதாவது கேட்கலாம். அது ஒப்பந்தத்தில் இருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்கு வாடகை என்று பெயர் இல்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் முன்கூட்டியே கடன் அடைப்பதைப் பற்றிய தவறான கணக்குகள் எல்லாம் வருகின்றன.

இப்போது முதல் நண்பருக்கு வருவோம். அவர் தவணை அட்டவணையைப் பார்த்திருப்பார். பார்த்தவர் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். உங்கள் மாதத் தவணை 11,895. முதல் மாதம் அதில் வட்டி 6,250, அசலுக்குப் போனது 5,645 மட்டுமே. கடைசி மாதத்தில் வட்டி வெறும் 147; மீதி எல்லாம் அசல். 24 மாதத்தில் நீங்கள் கட்டியது 2,85,479. அதில் 1,28,616 வட்டிக்கே போய்விட்டது. ஐந்து வருட மொத்த வட்டி 2,13,698. ஆக, காலத்தில் 40 சதவீதம் முடிந்தபோது வட்டியில் 60 சதவீதம் வசூலாகிவிட்டது. அசலிலோ 31 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. "முதலிலேயே எடுத்துக்கொண்டார்கள்" என்று தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் யாரும் எதையும் முன்னால் எடுக்கவில்லை. முதல் மாதம் உங்களிடம் 5 லட்சம் இருந்தது. 5 லட்சத்துக்கு மாதம் 1.25 சதவீதம் என்றால் 6,250. இருபத்தைந்தாவது மாதம் உங்களிடம் இருப்பது 3.43 லட்சம், அதற்கு அதே 1.25 சதவீதம் 4,289. வட்டி வீதம் கடைசிவரை மாறவில்லை. கையில் இருந்த பணம் அதிகமாக இருந்தபோது வட்டி அதிகம், குறைந்தபோது குறைவு, அவ்வளவுதான். மாதத் தவணை ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கட்டமைத்ததால் ஆரம்பத்தில் அசலுக்கு மிஞ்சும் இடம் குறுகிவிட்டது. தவணை சமமாக இல்லாமல், அசலை மாதாமாதம் சமமாகப் பிரித்துக் கட்டும் கடன்களும் உண்டு. அவற்றில் முதல் மாதத் தவணை மிகப் பெரியதாக இருக்கும். அதைக் கட்ட முடியாது என்பதால்தான் பெரும்பாலோர் சமத் தவணையைத் தேர்ந்தெடுக்கிறோம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் வருகிறது. 30-ஆவது மாதத்தில் அடைத்தாலும் 50-ஆவது மாதத்தில் அடைத்தாலும், நீங்கள் அடைக்கும் ஒவ்வொரு நூறும் அன்றிலிருந்து ஆண்டுக்கு 15 வீதம் வட்டியை நிறுத்துகிறது. பிந்திப் போகப் போக மிச்சம் குறைகிறதே என்றால், அடைக்க வேண்டிய பணமும் குறைகிறது, அது ஓடவிருந்த காலமும் குறைகிறது. மருந்தின் வீரியம் குறையவில்லை, நோய் குறைந்துவிட்டது. கட்டணம் ஏதும் இல்லாத கடனாக இருந்தால், எந்த மாதத்தில் அடைத்தாலும் லாப வீதம் ஒன்றே.

கட்டணம் இருந்தால் கதை மாறுகிறது. பலர் கவனிக்காத இடம் இது, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

24-ஆவது தவணை கட்டிய அன்றே முடித்தால், மிச்சமாகும் வட்டி 85,081. கட்டணமும் வரியும் சேர்த்து 16,196. நிகர மிச்சம் 68,885. நல்ல தொகைதான். 48 தவணை முடிந்த பிறகு முடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நிலுவை 1,31,788. மீதி வட்டி 10,952. கட்டணமும் வரியும் 6,220. கிடைப்பதில் பாதிக்கு மேல் போய்விட்டது. இன்னும் ஆறே தவணை இருக்கும்போது முடித்தால்? நிலுவை 68,349, மீதி வட்டி 3,021, கட்டணமும் வரியும் 3,226. கடனைச் சீக்கிரம் முடித்ததற்காகக் கையிலிருந்து 205 கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள். ஆண்டுக் கணக்கில் ஒழுங்காகக் கட்டிவிட்டுக் கடைசி ஆறு மாதத்தில் பொறுமை இழந்து இப்படி முடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து நான் எதுவும் சொல்லாமல் ரசீது கொடுத்ததும் உண்டு.

காரணம் எளிது. கட்டணம் நிலுவையின் மேல் ஒரே அளவு சதவீதமாக விழுகிறது. ஆனால் மிச்சமாகும் வட்டி, நிலுவையோடு எஞ்சிய காலத்தையும் பொறுத்தது. மூன்று வருடம் ஓடவிருந்த கடனில் 4 சதவீதத்தைக் காலம் கரைத்துவிடும். ஆறு மாதக் கடனில் கரைக்காது.

மொத்த மிச்சத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. 85,081 மிச்சம் என்று சொல்லும்போது, அந்த 3.61 லட்சத்தை நீங்கள் வேறு எங்காவது வைத்திருந்தால் என்ன சம்பாதித்திருக்கும் என்ற கேள்வியை ஒதுக்கிவிடுகிறோம். சரியான ஒப்பீடு வீதத்தோடு வீதத்தை வைத்துப் பார்ப்பதுதான். கட்டணமே இல்லையென்றால் இந்தக் கடனை அடைப்பது, ஆண்டுக்கு 15 சதவீதம் நிச்சயமாகத் தரும் முதலீட்டுக்குச் சமம். 4 சதவீதக் கட்டணமும் அதன் மேல் வரியும் சேரும்போது, 24-ஆவது மாதத்தில் அது ஏறக்குறைய 11.8 சதவீதமாக இறங்குகிறது. 48-ஆவது மாதத்தில் 6.3 சதவீதம்தான். அடைக்க நினைக்கும் பணம் இப்போது வைப்பு நிதியில் இருந்தால், வரி கழித்து அது தருவதோடு இந்த எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். 24-ஆவது மாதத்தில் கடனை அடைப்பதே நல்லது என்பது பெரும்பாலும் தெளிவாகத் தெரியும். 48-ஆவது மாதத்தில் அவ்வளவு தெளிவு இருக்காது. அவசரத் தேவைக்கு வைத்திருக்கும் பணத்தை எடுத்து அடைக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். நாளை ஒரு அவசரம் வந்தால் புதிய கடனுக்கு மறுபடி விண்ணப்பக் கட்டணம் கட்டி, ஒருவேளை இதைவிட அதிக வட்டிக்கு வாங்க வேண்டிவரும்.

இரண்டாவது நண்பருக்கு வருவோம். "முழு வட்டியையும் கட்டித்தான் ஆக வேண்டும்" என்பது உங்கள் கடனுக்குப் பொருந்தாது. ஆனால் அவர் வேறு வகைக் கடனை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். உலகத்தில் இரண்டு வகைக் கணக்கு உண்டு. ஒன்று, நிலுவை குறையக் குறைய வட்டி குறைவது. இன்னொன்று, முழுக் காலத்துக்குமான வட்டியை முதல் நாளே கணக்கிட்டு அசலோடு சேர்த்து, மொத்தத்தைத் தவணைகளாகப் பிரிப்பது. ஃப்ளாட் வட்டி என்று சொல்லப்படும் கடன்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. உங்கள் கடனையே அப்படி எழுதினால் 8.55 சதவீத ஃப்ளாட் வட்டி என்று சொல்லலாம்: 5 லட்சத்துக்கு 8.55 சதவீதம் வீதம் ஐந்து வருடத்துக்கு 2,13,750. மாதத் தவணை அதே 11,895-ஐ ஒட்டித்தான் வரும். காதுக்கு 8.55 இனிமையாக இருக்கும், கைக்கு 15-தான்.

இப்படிப்பட்ட கடனில் செயலி நிலுவை அசலைக் காட்டாது. மீதித் தவணைகளைக் கூட்டி, அதாவது 36 பெருக்கல் 11,895 என்று 4.28 லட்சத்தை நிலுவை என்று காட்டும். அந்த எண்ணைப் பார்த்தவுடன் உங்கள் கடன் எந்த வகை என்று தெரிந்துவிடும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முன்கூட்டியே முடித்தால் இன்னும் சம்பாதிக்காத வட்டியில் எவ்வளவு தள்ளுபடி செய்வீர்கள், எந்த முறையில்? தள்ளுபடியே கிடையாது என்று ஒப்பந்தம் சொன்னால், அதை அனுமதிக்கும் சட்டம் உள்ள இடத்தில், முன்கூட்டி அடைப்பதில் பொருளே இல்லை. பணத்தை வைப்பில் போட்டுவிட்டுத் தவணையைக் கட்டிக்கொண்டே போவது புத்திசாலித்தனம்.

தள்ளுபடி உண்டு என்று சொன்னாலும் முறையைக் கேட்காமல் விடக்கூடாது. இங்கேதான் 78-இன் விதி என்று பெயர் பெற்ற பழைய கணக்கு ஒன்று வருகிறது. பெயர் விசித்திரமாக இருக்கிறதே என்றால், பன்னிரண்டு மாதக் கடனுக்கு 12, 11, 10 என்று இறங்கி 1 வரை கூட்டினால் 78 வரும். மொத்த வட்டியை 78 பங்காக்கி, முதல் மாதத்துக்கு 12 பங்கு, இரண்டாவது மாதத்துக்கு 11 பங்கு, கடைசி மாதத்துக்கு ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வார்கள். கணினி இல்லாத காலத்தில் காகிதத்திலேயே போட்டுவிடலாம் என்பதால் பரவிய முறை. 60 மாதக் கடனுக்கு அந்தக் கூட்டுத்தொகை 1,830.

ஆரம்ப மாதங்களுக்கு வட்டி அதிகம் என்ற கொள்கை இங்கேயும் இருக்கிறது. ஆனால் உண்மையில் சேர வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சேர்க்கிறது. உங்கள் கடனில் முதல் மாத வட்டி 6,250 ஆக இருக்க வேண்டியது, இந்த முறையில் 7,006. 24-ஆவது மாதத்தில் முடித்தால், மீதமுள்ள 36 மாதத்துக்கான பங்கு 666. எனவே தள்ளுபடி 77,772 மட்டும். நியாயமான கணக்கில் 85,081 தள்ளுபடியாகியிருக்க வேண்டும். வித்தியாசம் 7,309. இந்தத் தொகைக்குக் கட்டணம் என்று பெயரும் இல்லை, அபராதம் என்ற பெயரும் இல்லை. வட்டிக் கணக்குக்குள்ளேயே மறைந்திருக்கிறது. ஒரு வருட, 12 சதவீதக் கடன் ஒரு லட்சத்தில் பாதியில் முடித்தால் இந்த வித்தியாசம் வெறும் 35-தான் வரும். காலமும் வட்டியும் ஏறும்போதுதான் கடிக்கிறது.

அதனால்தான் சட்டங்கள் இதை நீண்ட கடன்களிலிருந்து விரட்டின. அமெரிக்காவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம், 61 மாதத்துக்கு மேற்பட்ட நுகர்வோர் கடன்களில் இந்த முறையில் தள்ளுபடி கணக்கிடுவதைத் தடுத்தது. பிரிட்டனில் 2004-இல் எழுதப்பட்டு 2005 மே 31-இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகள் இதற்குப் பதிலாக நிலுவையை ஒட்டிய சரியான கணக்கைக் கொண்டுவந்தன. மலேசியாவின் 1967-ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டத்தில் இதே சூத்திரம்தான் தள்ளுபடிக்கு அடிப்படையாக எழுதப்பட்டிருந்தது. ஆகவே 'அது பழைய கதை' என்று ஒதுக்கிவிடாமல் ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள்.

கட்டணத்தைப் பற்றியும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் நெறிமுறை, முன்கூட்டி அடைக்கும் தொகையில் அதிகபட்சம் 1 சதவீதம் இழப்பீடு கேட்கலாம் என்றும், ஒப்பந்தத்தில் ஒரு வருடத்துக்குள் காலம் எஞ்சியிருந்தால் அரை சதவீதம்தான் என்றும் உச்சவரம்பு வைத்தது. எஞ்சிய காலம் குறைந்தால் கட்டணமும் குறைய வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. மேலே ஆறு மாதக் கணக்கில் பார்த்த அபத்தம் அங்கே பெரிதாக நடக்காது. பிரிட்டனில் வேறு வழி: முடிக்க விரும்புவதாகத் தெரிவித்த பிறகு 28 நாள் வரை, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட கடனானால் அதன் மேல் இன்னும் ஒரு மாதம் வரை, வட்டியைக் கணக்கில் சேர்க்கலாம். அமெரிக்காவில் மத்திய அரசு உரிமம் பெற்ற கடன் சங்கங்கள் முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் விதிக்கவே கூடாது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2025 ஜூலை 2-இல் வெளியிட்ட நெறிமுறை, 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களில், தொழில் அல்லாத தேவைக்காகத் தனிநபர் வாங்கிய மாறும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டி அடைப்புக் கட்டணம் விதிக்கக் கூடாது என்கிறது. இங்கே 'மாறும் வட்டி' என்ற சொல்லைக் கவனியுங்கள். தனிநபர் கடன்களில் பெரும்பான்மை நிலையான வட்டிக் கடன்கள். உங்களுடையதும் அப்படித்தான். செய்தித்தாளில் தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கவுண்டரில் வந்து சண்டை போடுபவர்கள் தவறவிடும் சொல் இது.

கடன் கொடுத்தவர் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நிலையான வட்டிக்குக் கொடுத்தவர் அந்தப் பணத்தை அதே காலத்துக்கு வேறு எங்கிருந்தோ திரட்டியிருக்கிறார். வட்டி வீதங்கள் இறங்கிய நேரத்தில் நீங்கள் திருப்பிக் கொடுத்தால், அவர் அதைக் குறைந்த வட்டிக்கே மறுபடி கொடுக்க முடியும். இந்த இழப்புக்காக ஏதோ ஒரு கட்டணம் கேட்பதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வட்டி வீதம் ஏறியிருக்கும்போதும், கடன் முடிய ஆறு மாதம் இருக்கும்போதும் அதே 4 சதவீதம் கேட்பதை இழப்பீடு என்று சொல்வது கடினம்.

வட்டிக் கணக்கில் இன்னும் இரண்டு சிறிய பொறிகள் உண்டு. ஒன்று முழு மாத வட்டி. மாதத்தின் நடுவில் முடித்தாலும் மாதம் முழுவதற்கும் வட்டி போட்டுவிடுவது. உங்கள் கடனில் அப்படிப் போட்டிருந்தால் 2,115 என்பது 4,289 ஆகியிருக்கும். இது நடக்கிறது என்பது கற்பனை அல்ல. 2024 ஏப்ரல் 29-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, தன் ஆய்வில் கண்ட முறைகேடுகளாக மூன்றைக் குறிப்பிட்டது: பணம் கைக்கு வரும் முன்பே, கடன் அனுமதியான நாளிலிருந்தோ ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்தோ வட்டி போடுவது, மாத நடுவில் கொடுத்தாலோ திருப்பினாலோ முழு மாத வட்டி வாங்குவது, ஒன்றிரண்டு தவணைகளை முன்பணமாக வாங்கிக்கொண்டு, முழுக் கடன் தொகைக்கும் வட்டி கணக்கிடுவது. அதிகமாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் அறிவுறுத்தியது. உங்கள் கடிதத்தில் உள்ள வட்டி எத்தனை நாளுக்கு என்று எண்ணிப் பாருங்கள். நிலுவை பெருக்கல் வீதம் பெருக்கல் நாள், வகுத்தல் 365. பள்ளிக்கூடக் கணக்குதான். ஒப்பந்தம் 360 நாள் கணக்கைச் சொன்னால் நாளுக்கு ஏறக்குறைய 2 கூடும்; அதற்காகச் சண்டை வேண்டாம்.

இரண்டாவது, காப்பீடு. கடன் வாங்கும்போது ஒரே தவணையில் காப்பீட்டுப் பிரீமியத்தைச் சேர்த்துக் கடனுக்குள்ளேயே போட்டிருப்பார்கள். ஐந்து வருடத்துக்குக் காப்பீடு வாங்கி இரண்டு வருடத்தில் கடன் முடிந்தால், மீதிக் காலத்துக்கான பிரீமியத்தில் ஒரு பகுதி திரும்ப வரலாம். பாலிசியின் நிபந்தனையைப் பார்த்துத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காமல் யாரும் தர மாட்டார்கள். விண்ணப்பக் கட்டணம் பொதுவாகத் திரும்பாது. ஐரோப்பாவில் மட்டும் ஒரு திருப்பம் நடந்தது: 2019 செப்டம்பர் 11-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், முன்கூட்டி அடைக்கும் நுகர்வோருக்குக் குறைக்க வேண்டிய செலவில், ஆரம்பத்தில் ஒருமுறை வாங்கிய கட்டணங்களும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது.

முழுவதும் அடைக்கப் பணம் போதாமல் ஒரு பகுதியை மட்டும் அடைப்பதைப் பற்றியும் நீங்கள் யோசித்தால், ஒன்று சொல்ல வேண்டும். உதாரணத்துக்குக் கட்டணம் இல்லை என்று வைத்துக்கொண்டு, இன்று ஒரு லட்சம் கட்டுகிறீர்கள். மாதத் தவணையை அப்படியே வைத்துக்கொண்டால் மீதி 36 தவணை 24 ஆகிவிடும். அதிலும் கடைசித் தவணை குறைவாகத்தான் இருக்கும். வட்டி மிச்சம் 45,700-க்கு நெருக்கமாக வரும். மாறாகக் காலத்தை அப்படியே விட்டுத் தவணையைக் குறைக்கச் சொன்னால், மாதம் 8,428 ஆகும். மிச்சம் 24,800 அளவில் நிற்கும். முதல் வழியில் மந்திரம் எதுவும் இல்லை. மாதாமாதம் 3,467 கூடுதலாகக் கட்டுகிறீர்கள், அதனால் அசல் வேகமாகக் கரைகிறது. மாதச் செலவில் மூச்சு முட்டுகிறது என்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. ஆனால் எதுவும் சொல்லாமல் பணத்தை மட்டும் அனுப்பிவிட்டால், சில நிறுவனங்களின் மென்பொருள் அதை முன்பணத் தவணையாக எடுத்துக்கொண்டு அடுத்தடுத்த மாதங்களுக்குக் கழித்துக்கொள்ளும். அசல் அன்று குறையாது, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 'நிலுவை அசலில் வரவு வைக்கவும்' என்று எழுத்தில் கொடுத்து, மறுநாள் புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

வேறு நிறுவனத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் எடுத்து இதை அடைப்பது பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே முடிப்புக் கட்டணம், அங்கே விண்ணப்பக் கட்டணம், இரண்டையும் கூட்டுங்கள். புதிய கடனின் காலத்தை மறுபடி ஐந்து வருடமாக நீட்டினால் வட்டி வீதம் குறைந்தும் மொத்த வட்டி கூடிவிடலாம். எஞ்சிய 36 மாதத்துக்கே எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.

உங்கள் கடனுக்கு என் முடிவு: வேறு அவசரத் தேவை இல்லை என்றால் அடைத்துவிடுங்கள். கட்டணத்தைக் கழித்த பிறகும் 11.8 சதவீதம் நிச்சயமாகக் கிடைக்கும் இடம் எளிதில் அமையாது. அதற்கு முன் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். இத்தனை தவணை கட்டிய பிறகு கட்டணம் குறையும் என்று ஒரு வரி இருக்கலாம். 24 தவணைக்கு 4 சதவீதம், 36-க்கு மேல் 2 சதவீதம் என்பது போல. வருடத்துக்கு இத்தனை சதவீதம் வரை பகுதியாக அடைத்தால் கட்டணம் இல்லை என்று இன்னொரு வரி இருக்கலாம். அப்படி இருந்தால் முதலில் இலவச அளவைப் பகுதியாக அடைத்து அசலைக் குறைத்துவிட்டு, மீதியை முடித்தால் கட்டணம் குறைந்த நிலுவையின் மேல்தான் விழும். கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டும் பாருங்கள். தவறாமல் கட்டியவருக்கு அது சில வேளை கிடைக்கும். கேட்பதற்குக் காசு இல்லை.

முடிப்புக் கடிதத்தில் ஒரு தேதி இருக்கும். 3,61,448 என்பது அந்தத் தேதிக்கு மட்டும்தான். ஒருவர் கடைசி நாள் மாலையில் பணம் அனுப்பினார். நிறுவனக் கணக்கில் அது மறுநாள்தான் விழுந்தது. ஒரு நாள் வட்டி பாக்கியாக நின்றது. உங்கள் கடனில் அது 141 ஆக இருக்கும். கணினிக்கு 141 ஆனாலும் கடன் கடன்தான். கணக்கு மூடப்படவில்லை, அடுத்த மாதம் தவணைத் தேதியில் தானியங்கிப் பற்று முழுத் தவணையையும் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டது. அதைத் திரும்ப வாங்க அவர் மூன்று முறை வர வேண்டியிருந்தது. ஆகவே தேதிக்கு இரண்டு நாள் முன்பே அனுப்புங்கள். நிலுவையில்லாச் சான்றிதழை எழுத்தில் வாங்குங்கள், தானியங்கிப் பற்றை ரத்து செய்யச் சொல்லுங்கள். ஓரிரு மாதம் கழித்து உங்கள் கடன் வரலாற்று அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அதில் 'க்ளோஸ்டு' என்று இருக்க வேண்டும். 'செட்டில்டு' என்று இருந்தால் விடாதீர்கள். அது, முழுவதும் கட்ட முடியாதவரிடம் குறைத்து வாங்கிக்கொண்டு கணக்கை முடித்ததற்குப் போடும் குறிப்பு.